பங்குக் கிணற்றுக்கு ஒரு கடன்

1. காசு இருந்தும் தண்ணீர் இல்லை

கடன் பிரிவில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், எங்களிடம் ஆட்கள் வருவது இரண்டு முகத்தோடுதான். கடன் கேட்க வரும்போது ஒரு முகம். தவணை தப்பினால், எங்களைக் கண்டதும் ஒழுங்கைக்குள் திரும்பிவிடும் இன்னொரு முகம். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்த வருஷத்தில் நான் மூன்றாவது முகம் ஒன்றைப் பார்த்தேன். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, தோட்டத்தில் பயிர் நிற்கிறது, கிணற்றில் தண்ணீரும் கிடக்கிறது. இறைப்பு மெசினுக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. வங்கி வாசலில் வந்து நின்று, என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.

இணுவில் பக்கத்தில் ஒரு கிராமிய வங்கிக் கிளையில் நான் கடன் உத்தியோகத்தராக இருந்தேன். வீடு கரவெட்டியில். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, கிளையில் நிற்கும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்குப் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கிளையில் ஒரு பெயர் இருந்தது. அது பொய்யென்று சொல்லமாட்டேன். ஓய்வு பெற்றதால் அது குறைந்துவிடவும் இல்லை.

முந்தின வருஷம் இரசாயன உரம் வராமல் போனது. அந்த அடியிலிருந்து கமக்காரர் எழும்பும் முன்னர் எண்ணெயும் இல்லாமல் போனது. உண்மையைச் சொன்னால் அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. எல்லா வங்கிகளும் வருஷக்கணக்காகக் கொடுத்த பயிர்க் கடன் முழுக்க உரம் வாங்கவும் எண்ணெய் வாங்கவும்தான். போட்ட உரம் கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே இறங்கியது. இறைக்க இறைக்கச் சில பக்கத்துக் கிணறுகள் உவராகின. அதெல்லாம் தெரிந்துகொண்டே அடுத்த போகத்துக்கும் அதே கடனைத்தான் கொடுத்தோம்.

அந்த நேரத்தில்தான் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு புதுத் திட்டம் வந்தது. சோலர் பம்புக்கும், தண்ணீரை மிச்சம் பிடிக்கும் ஸ்பிரிங்ளருக்கும் குறைந்த வட்டிக் கடன். கடன் எடுப்பவர்கள் பசளையாகச் சணல் விதைத்து மண்ணுக்குள் உழ வேண்டும், உரத்தைக் குறைக்க வேண்டும், முடிந்தவரை சொந்த விதை வைத்திருக்க வேண்டும். எங்களைக் கொழும்புக்குக் கூப்பிட்டு, குளிரூட்டிய மண்டபத்தில் இருத்தி, ‘தாக்குப்பிடிக்கும் உணவு முறைமை’ என்று திரையில் படம் காட்டினார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்டேன். நல்ல திட்டம். ஒரே ஒரு குறை. அதை எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துக் கிணறு எதையும் எட்டிப் பார்த்திருக்கவில்லை.

2. ‘கிணற்றின் உரிமையாளர் பெயர்’

கடன் விண்ணப்பப் போமில் முதல் கேள்வி அதுதான். ஒரு கோடு, ஒரு பெயர் எழுத மட்டும் இடம்.

எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறு அப்படி ஒருவருடையதாக இருப்பது குறைவு. பெரும்பாலும் பங்குக் கிணறு. காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சீதனமாகக் கொடுக்கும்போது கிணற்றைப் பிரிக்க முடியாதே. அதனால் காணி உறுதிப் பத்திரத்தில், இந்தக் காணியும் கிணற்றில் இத்தனை பங்கும் என்று எழுதுவார்கள். பங்குக்குத் தக்கபடி நாள். இன்றைக்கு ஒரு குடும்பம் இறைத்தால் நாளைக்கு மற்றக் குடும்பம். அதை ‘முறை’ என்று சொல்வோம். அவரவர் தங்கள் மெசினை முறைநாளில் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்து இறைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோவார்கள்.

முதலில் கடன் கேட்டு வந்தவர் மனோகரி. கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளையும் தோட்டத்தை வைத்தே படிப்பித்தவர். சிக்கனமாகக் கதைப்பார், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். அவருடைய கிணற்றில் ஐந்து குடும்பங்களுக்குப் பங்கு.

“மிஸ், அஞ்சு மெசினும் எண்ணெய் குடிக்கிறதுக்குப் பதிலா ஒரு சோலர் மோட்டர் காணுமெல்லோ?” என்றார். “அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு லோன். ஆளுக்காள் பிணை. ஏலுமோ?”

மண்டபத்தில் படம் காட்டிய ஒருவருக்கும் வராத யோசனை. எனக்கு அந்த இடத்திலேயே எழும்பி அவருடைய கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

வந்தார்கள். வந்த பிறகுதான் விசயம் தெரிந்தது. அந்த ஐவரில் ஒருவர் இராசநாயகம், மனோகரியின் பக்கத்துக் காணிக்காரர். இரண்டு காணிக்கும் நடுவே ஒரு வேலி. அந்த வேலி ஒரு முழம் இங்காலேயா அங்காலேயா என்று தகப்பன்மார் தொடங்கிய வழக்கு நீதிமன்றத்தில் கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுப் பறைச்சல் இல்லை. என் மேசைக்கு முன்னால் அடுத்தடுத்த கதிரையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் என் மூலம் கதைத்தார்கள்.

“மிஸ், ஒப்பம் வைச்சு முடிஞ்சால் பேனையை இஞ்சாலை தரச் சொல்லுங்கோ.”

“பேனை மேசையிலைதான் கிடக்கு எண்டு சொல்லுங்கோ, மிஸ்.”

நான் பேனையை எடுத்து நீட்டினேன். மற்ற மூன்று குடும்பத்தவர்களும் இது உலக வழக்கம் என்பதுபோல ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

3. மனேஜர் கிணற்றடிக்கு வந்தார்

போமின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. ‘குழு அங்கத்தவர்களுக்கிடையே வழக்கு அல்லது பிணக்கு உண்டா?’ பொய் எழுதமுடியாது. உண்டு என்று எழுதிக்கொண்டு மனேஜரிடம் போனேன்.

எங்கள் மனேஜர் சத்தியசீலன் சேர் கறாரான மனிதர். கையொப்பம் வைக்க முதல் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசிப்பார். விரல் அந்த வரியில் நின்றது.

“என்ன ஜெயமலர், உங்களுக்கு விசரே? கோட்டிலை நிக்கிற ரெண்டு பேரை ஆளுக்காள் பிணை வைக்கச் சொல்லிறியள். ஒருத்தர் தவணை கட்டாட்டி மற்றவர் அவருக்காகக் கட்டுவாரோ?”

“சேர், நீங்கள் ஒருக்கால் வந்து பாருங்கோ. பார்த்திட்டு வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ.”

அவர் தோட்டப் பக்கம் வருவது குறைவு. அன்றைக்கு என் வாய்க்குப் பயந்துதான் வந்தார் என்று பிறகு பலருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் போன நாள் மனோகரியின் முறை. அவர் எண்ணெய் வரிசைக்குப் போய்விட்டார். கிணறு சும்மா கிடந்தது. இராசநாயகம் தன் கத்தரித் தோட்ட வரம்பில் குந்தியிருந்தார். கத்தரி இலைகள் தொங்கிப்போய் நின்றன. பக்கத்தில் மெசினும், எண்ணெய் உள்ள ஒரு கலனும் இருந்தன.

மனேஜர் கேட்டார். “ஐயா, உங்களிட்டை எண்ணெய் இருக்குதுதானே. கிணறும் சும்மா கிடக்கு. ஏன் இறைக்கேல்லை?”

“இண்டைக்கு அவவின்ரை நாள், சேர்.”

“அவதான் இஞ்சை இல்லையே.”

“அவ இல்லாட்டி என்ன சேர். நாள் இருக்குதுதானே.”

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் உத்தியோகத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வென்ற இடம் அது ஒன்றுதான்.

இராசநாயகம் எழும்பிச் சாரத்தைத் தட்டிவிட்டுச் சொன்னார். “வழக்கு வேறை, முறை வேறை சேர். அவவின்ரை தேப்பனும் எங்கடை அப்புவும் கோட்டு வாசலிலை நிண்டு ஏசுப்பட்டவை. ஆனா ஒரு நாள் தன்னும் மற்றவரின்ரை முறையிலை குடிதண்ணிக்கு மேலாலை ஒரு வாளி போடேல்லை. உதிலை கை வைச்சால் பேந்து கிணறு எண்டு ஒண்டு இருக்காது.”

திரும்பி வந்து கிளை வாசலில் இறங்கும்போது மனேஜர் சொன்னார்.

“தன்ரை பயிர் கண்ணுக்கு முன்னாலை வாடுது. ஒருத்தரும் பாக்கேல்லை. எண்ணெயும் கையிலை கிடக்கு. தொடமாட்டன் எண்டு இருக்கிறார். உந்த மனுசன் எங்கடை காசிலையோ கை வைக்கப்போறார்? போமைக் கொண்டு வாங்கோ.”

வழக்கு உண்டு என்ற என் பதிலுக்குக் கீழே அவர் தன் கையால் எழுதினார்: ‘நீர் முறை ஒருபோதும் தவறியதில்லை. சிபாரிசு செய்கிறேன்.’ தலைமைக் காரியாலயத்திலிருந்து இது என்ன விளக்கம் என்று ரெலிபோன் மேல் ரெலிபோன் வந்தது. மனிதர் அசையவில்லை. காணி உறுதியை ஈடு வாங்கியும் காசு திரும்பாத கடன்கள் உங்கள் காரியாலயத்தில் எத்தனை கிடக்கின்றன என்று திருப்பிக் கேட்டார். அதுவரை அவரை வெறும் விரல் வைத்து வாசிக்கும் மனேஜர் என்று நினைத்திருந்த எனக்கு, அன்றிலிருந்து அவர் மேல் பெரிய மரியாதை.

4. மப்பு

சோலர் பூட்டியாயிற்று. வங்கி கேட்ட சொந்தப் பங்கைக் கட்ட ஐந்து குடும்பங்களும் தங்கள் மெசின்களை விற்றன. கிணற்றடியில் ஒரு மோட்டர், அதிலிருந்து ஐந்து குழாய், ஐந்து வால்வு. முறைநாளில் அவரவர் வால்வைத் திறந்தால் ஸ்பிரிங்ளர் தலைகள் சுழன்று தூவும். மெசின் இரைச்சலும் புகையும் இல்லை. முதல் போகம் நன்றாகப் போனது. தவணையும் நாள் தவறாமல் வந்தது. தலைமைக் காரியாலயத்து ஆட்கள் வந்து சோலர் பனலுக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாரும் ஒன்றை மறந்திருந்தோம். படம் காட்டியவர்கள், சோலர் கொம்பனிக்காரர், மனேஜர், நான், அந்த ஐந்து குடும்பங்கள். மண்ணெண்ணெய் மெசினுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான். சோலருக்கு அப்படியில்லை. நாங்கள் பழைய முறையை அப்படியே புது மோட்டரில் பூட்டிவிட்டோம்.

அடுத்த போகத்தில் மாரி முடிந்து, மழையும் பெய்யாமல் வெயிலும் எறிக்காமல் வானம் விட்டுவிட்டுச் சில நாட்கள் மூடிக் கிடந்தது. அந்த மப்பு மனோகரியின் முறைநாளிலேயே வந்தது. மோட்டர் முனகியது, தலைகள் சுழலவில்லை. அடுத்த நாள் வெயில். அது மற்றவரின் முறை. ஐந்து நாள் கழித்து மனோகரியின் முறை திரும்பி வந்தபோது மறுபடியும் மப்பு. செம்மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்காது. அவர் போட்டிருந்தது விதை வெங்காயம், கிழங்கு திரண்டு குண்டு வைக்கும் பருவம்.

அன்று பின்னேரம் அவர் வங்கிக்கு வந்தார். உள்ளங்கைகள் இரண்டிலும் கொப்புளம். பகல் முழுக்க வாளியால் அள்ளிச் சுமந்திருக்கிறார். அந்தத் தோட்டத் தறைக்கு வாளித் தண்ணீர் எந்த மூலைக்குக் காணும்?

“மிஸ், வெங்காயம் போனால் அடுத்த வருஷம் நட விதை இல்லை. அது என்ரை பாடு. தவணை கட்டாட்டி மற்ற நாலு பேரிட்டையும் அறவிடுவியளோ?”

“பிணை எண்டால் அதுதானே, மனோகரி.”

“அப்ப அவரும் கட்டோணுமோ?”

யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். “ஓம்” என்றேன்.

“அவரின்ரை காசு என்ரை கடனுக்குப் போனால் பேந்து நான் அந்த ஒழுங்கையாலை எப்பிடிப் போறது? அதுக்கு முந்தி என்ரை காணியை வித்துக் கட்டுறன். அதுக்கு என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ.”

பிள்ளைகளைப் படிப்பித்த காணி. நான் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். “விசர்க் கதை கதையாதையுங்கோ. ஆரிட்டையாவது ஒரு முறையைக் கேட்டு வாங்குங்கோ. நாளைக்கு வெயில் எறிக்கும்.”

அவர் என்னை நான் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டது போலப் பார்த்தார். “முறை கேக்கிறதோ? எங்கடை கிணத்திலை ஒருத்தரும் கேட்டதில்லை, மிஸ்.”

வீட்டுக்குப் போகும் முன் மற்ற மூன்று குடும்பங்களிடமும் போனேன். மூன்று இடத்திலும் ஒரே பதில். அவ கேட்டால் தருவம், கேளாமல் நாங்கள் எப்பிடிக் குடுக்கிறது, முறை இல்லாத ஆளுக்குப் பிச்சை போட்ட மாதிரிப் போகுமே என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மனேஜரிடம் எதைக் காட்டி இந்தக் கடனை வாங்கினேனோ, அதே முறை இப்போது மனோகரியின் கழுத்தில் நிற்கிறது. இந்தக் கடன் முறிந்தால் இனி எந்தப் பங்குக் கிணற்றுக்கும் ஒரு சதம் தரமாட்டார்கள் என்பதும் தெரியும். இராசநாயகத்திடம் போக மனம் வரவில்லை. போயென்ன பயன் என்று பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

5. அவருடைய முறை

காலையில் வெயில் பளீரென்று எறித்தது. அன்று இராசநாயகத்தின் நாள். நான் கிளைக்குக்கூடப் போகாமல் நேரே தோட்டத்துக்குப் போனேன். மனோகரி வாளியும் கையுமாகக் கிணற்றை நோக்கி வந்துகொண்டிருந்தார். சமையலுக்கும் குடிக்கவும் யாருடைய நாளிலும் ஒரு வாளி அள்ளலாம், அதற்கு முறை இல்லை. அந்த ஒரு வாளியைத்தான் அவர் வெங்காயத்துக்கு ஊற்ற வந்திருந்தார். வீட்டில் அன்றைக்கு என்ன குடித்தார்களோ தெரியாது.

இராசநாயகம் கிணற்றடியில் நின்றார். மோட்டரைப் போட்டார். குனிந்து ஒரு வால்வைத் திறந்தார். மனோகரியின் தறையில் தலைகள் சுழலத் தொடங்கின.

மனோகரி நின்றுவிட்டார். பிறகு என்னிடம் வந்து சொன்னார். “மிஸ், என்ரை வால்வு திறந்து கிடக்கு எண்டு சொல்லுங்கோ. மாறித் திறந்திட்டார் போலை.”

“மாறித் திறக்க எனக்கென்ன கண் தெரியாதோ எண்டு கேளுங்கோ, மிஸ்.” இராசநாயகம் நிமிரவில்லை.

“இண்டைக்கு அவரின்ரை முறை எண்டு சொல்லுங்கோ.”

“ஓம், என்ரை முறைதான்.” இப்போது நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார், ஆனால் குரல் மனோகரிக்கும் கேட்கும்படி இருந்தது. “என்ரை முறைத் தண்ணியை நான் எந்தத் தறைக்கு விட்டாலும் ஒருத்தரும் கேக்கேலாது. ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கவும் இல்லை, நான் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கவும் இல்லை. எனக்கு இண்டைக்கு உந்தப் பக்கம் விட விருப்பம். விடுறன்.”

நான் இடையில் புகுந்தேன். “அப்ப உங்கடை கத்தரி, அண்ணை?”

“அது அடுத்த முறை மட்டுக்கும் தாங்கும். வெங்காயம் தாங்காது.”

மண்டபத்தில் படித்தவற்றில் ஒன்றும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. கேட்க முடியாத ஒருவரைக் கேட்க வைக்காமல், கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்காமல், முறையில் ஒரு கீறல்கூட விழாமல் மனிதர் காரியத்தை முடித்துவிட்டார். இராத்திரி முழுக்க யோசித்திருப்பார். நான் பஸ்ஸில் ஏறிப் போனவள்.

மனோகரி வாளியைக் கீழே வைத்தார். தன் தறையைச் சுற்றிப் பார்த்தார். அழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மட்டும் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“மிஸ், கடைசித் தலை அடைச்சுக் கிடக்கு எண்டு சொல்லுங்கோ. அதைத் தட்டிவிடாட்டி மூலைப் பாத்திக்குத் தண்ணி போகாது.”

நான் வாயைத் திறக்க முதலே இராசநாயகம் நடக்கத் தொடங்கிவிட்டார். வழக்கு வேலியின் நீளத்துக்கு நடந்து, ஒழுங்கைக்கு இறங்கி, மனோகரியின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மூலைப் பாத்தியில் குந்தியிருந்து அந்தத் தலையைக் கழற்றி, வாயால் ஊதி, திரும்பப் பூட்டினார். தண்ணீர் அவருடைய முதுகிலும் சேர்த்து அடித்தது.

அந்தக் கிழமையே ஐந்து குடும்பங்களும் கூடி, கிணற்றடியில் ஒரு பெரிய தொட்டி கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். வெயில் எறிக்கும் நேரமெல்லாம் மோட்டர் தொட்டியை நிரப்பும். முறை இனி நாளால் இல்லை, தொட்டியால்; நிரம்பிய ஒரு தொட்டி ஒரு குடும்பத்துக்கு. மனேஜர் மேலதிகக் கடனுக்குக் கேள்வியே இல்லாமல் ஒப்பம் வைத்தார். பின்னால் வந்த பங்குக் கிணற்றுக் கடன் எல்லாவற்றிலும் தொட்டியையும் சேர்த்தே கொடுத்தோம். மனோகரி வெங்காயத்தைக் கிண்டி, விதைக்காகப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டார். அடுத்த போகத்துக்கு அந்த ஐந்து தோட்டத்திலும் நட்டது அவருடைய விதைதான். இராசநாயகத்தின் விதைப் பங்கு அவருடைய மகன் மூலம் போனது. கடன் கட்டி முடிந்துவிட்டது. வேலி வழக்கு எனக்குத் தெரிய இன்னும் முடியவில்லை.

கடன் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம், எதைப் பார்த்து ஒரு குழுவுக்குக் கடன் கொடுக்கலாம் என்று கேட்பதுண்டு. ஒற்றுமையாக இருக்கிறார்களா என்று பார்க்காதீர்கள். வங்கிக்கு வரும் நாளில் எல்லாரும் ஒற்றுமைதான். சண்டை பிடிக்கும்போது எதில் கை வைக்காமல் விடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அதை நம்பிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு ஒரு நாள் அதுவே அவர்களை நெரிக்கும். அப்போது பஸ்ஸில் ஏறிப் போய்விடாமல், கொஞ்ச நேரம் கிணற்றடியில் நில்லுங்கள்.